ரிங்லெட் சாலையில் கிடந்த மரநாய்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலை, காட்டுக்குள் வளைந்து வளைந்து வந்து ரிங்லெட்டில்தான் முதலில் ஊரைத் தொடுகிறது. இங்கே விளையும் காய்கறி இரவோடு இரவாக லோரிகளில் கீழே இறங்கும். மரநாயும் சிறுத்தைப்பூனையும் முள்ளம்பன்றியும் இரை தேடக் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். விடிந்து பார்த்தால் சாலையோரம் ஏதாவது ஒன்று செத்துக் கிடக்கும்.

அப்படிக் கிடப்பவற்றை ஆராயும் ஒரு கால்நடை மருத்துவரோடு விடியற்காலையில் கிளம்பினேன். மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி அவர் கையில் இருந்தது. பாதுகாக்கப்பட்ட விலங்கு செத்துக் கிடந்தாலும் கண்டவர் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு உரிமம் வேண்டும்.

ஹாபுவில் போ தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் முனைக்கு முன்னால் ஒரு மரநாய், ஊர்ப்பேச்சில் மூசாங், கிடந்தது. வண்டியை ஓரங்கட்டி, பின்னால் கூம்பு வைத்து, மினுக்கும் மேற்சட்டை போட்ட பிறகுதான் மருத்துவர் சாலையில் கால் வைத்தார். பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தார். இடம், நேரம், மழையா பனியா என்று எல்லாம் குறிப்பில் ஏறின. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு நேரே காது மடலுக்குப் போனார். உடல் குளிர்ந்துவிட்டால் உண்ணிகள் கழன்று வேறு உடம்பு தேடிப் போய்விடும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சாராயக் குப்பியில் போட்டார். பிறகு மூக்கிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சி. பல் தேய்மானத்தைப் பார்த்து வயதைக் கணித்தார். வயிற்றைத் தடவியவர் கை நின்றது. பால் கட்டியிருந்தது. குட்டிகள் எந்தப் பொந்தில் இருக்கின்றனவோ, யாருக்குத் தெரியும்? "பெண், பாலூட்டுவது" என்று எழுதிக்கொண்டார்.

உடலை இரட்டைப் பையில் கட்டிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தார். உறைய வைத்தால் திசுக்கள் சிதைந்து, நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாதாம். குளிர வேண்டும், ஆனால் உறையக் கூடாது.

ஒரு மரநாய்க்கு இத்தனை பாடா என்று கேட்பவர்களுக்கு 2019ஐ நினைவூட்டுவேன். அந்த ஜூலையில் திரங்கானு, டுங்குன் பக்கத்தில் ஒரு புலி மனிதரைக் கண்டு அஞ்சாமல் கிராமத்துக்குள் நடமாடியது. அவாங் பெசூல் என்று பெயர் வைத்தார்கள். பிடித்த சில நாட்களில் அது செத்துப்போனது. காரணம் டிஸ்டெம்பர், நாய்களைத் தாக்கி நரம்பைக் குலைக்கும் அதே வைரஸ். தீபகற்பக் காடுகளில் 150 புலிகள்கூட மிஞ்சாத நாட்டில் இது சின்ன விஷயமா? மரநாய்க்கும் அந்த நோய் வரும். நோய் எந்தப் பக்கம் நடக்கிறது என்பதைப் புலி செத்த பிறகு தெரிந்துகொள்வதைவிட மரநாயிடமே தெரிந்துகொள்ளலாமே.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நோய் வந்த விலங்கு பயம் மறந்து, நடை தள்ளாடி, தானே வண்டிக்கு முன்னால் வந்துவிடும். அதனால் சாலையில் கிடப்பவற்றை மட்டும் எண்ணி, காட்டில் இத்தனை பங்கு நோய் என்று கணக்குச் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் விடாமல் பதிந்தால்தான் ஏற்ற இறக்கம் தெரியும். பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகம் 1992 முதல் நீர்நாய் உடல்களைச் சேர்த்து வருகிறது, பெரும்பாலும் சாலையில் அடிபட்டவை. ஆற்றில் கலந்த வேதிப்பொருள்களை அவற்றின் கல்லீரலில் கண்டுபிடிக்கிறார்கள். சரிவெல்லாம் காய்கறிக்கு மருந்தடிக்கும் இந்த மலைக்கும் அப்படி ஒரு நீண்ட பதிவு கட்டாயம் வேண்டும். பதிவு இருந்தால் விலங்குகள் அடிபடும் இடமும் தெரியவரும். தமிழ்நாட்டில் வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும் இடம் பார்த்து, மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். இடம் தெரிந்ததால்தான் கட்ட முடிந்தது.

இடம் தெரிந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா கூடையோடு நின்றுவிட்டார்.

"இந்த வளைவுலதான் அடிக்கடி கிடக்கும் டாக்டரம்மா. ஒருதடவ லயத்து நாய்ங்க இருமி இருமிச் செத்துச்சு. அப்புறம் ஒரு மூசாங் பட்டப்பகல்லயே தள்ளாடிக்கிட்டு ரோட்டுக்கு வந்துச்சு."

மருத்துவரின் பேனா அங்கேயே நின்றது. "எப்பம்மா?"

"தீபாவளிக்கு முன்ன."

அதை வைத்து டிஸ்டெம்பர் என்று முடிவு கட்ட முடியாது என்றார் மருத்துவர். ஆனாலும் எழுதிக்கொண்டார். விடியலில் சாலையை முதலில் பார்ப்பவர்கள் தோட்டத்துக்காரர்களும் வேன் ஓட்டுபவர்களும்தான். அவர்கள் வாய்ச்சொல் இந்த ஆய்வின் பாதி என்பேன். அது எந்த அறிக்கையிலும் பெயரோடு வருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

மருத்துவர் தம் எண்ணைக் கொடுத்தார். "கையால தொடாதீங்கம்மா. படம் மட்டும் எடுங்க. கிலோமீட்டர் கல்லு எதுன்னு சொல்லுங்க, போதும்."

"கல்லெல்லாம் எனக்கு மனப்பாடம். செத்த நாயையும் சொல்லணுமா?"

"நாயத்தாம்மா முதல்ல சொல்லணும்."