பாப்பாவும் வரையாடும்

நாலு வயதுக் குழந்தையை அழைத்துக்கொண்டு மலைக்காடுகளுக்குக் காரிலேயே போய் வரலாம் என்ற ஆசை உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? தோன்றினால், முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து யோசியுங்கள். நான் தண்ணீர் குடிக்கவில்லை. நேரே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். பத்திரிகைக் காரியாலயத்தில் உத்தியோகம் பார்ப்பவளுக்கு எதைக் கண்டாலும் பட்டியல் போடத்தானே தெரியும்!

எல்லாம் பாப்பா கேட்ட ஒரு கேள்வியால் வந்தது. படப் புத்தகத்தில் செங்குத்தான பாறை மேல் ஒரு வரையாடு நின்றது. பக்கத்தில் அதன் குட்டி.

"அம்மா, குட்டி ஆடு கீழே விழுந்துடாதா?"

"விழாது."

"நீ பார்த்தியா?"

நான் எங்கே பார்த்தேன்! தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு என்று மேஜையில் உட்கார்ந்தபடியே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். கண்ணால் கண்டது கிடையாது.

அன்று ராத்திரியே என் கணவர் தேசப் படத்தை விரித்துவிட்டார். வரையாடுகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் மூணாறுக்குப் பக்கத்தில் உள்ள இரவிகுளம்தான் சரியான இடம். அதோடு விட்டாரா? "அதே பக்கத்தில் ஆனமுடிச் சோலை, மதிகெட்டான் சோலை, பாம்பாடும் சோலை என்று இன்னும் மூணு தேசியப் பூங்கா இருக்கு. நம்ம ஆனைமலையில் இந்திரா காந்தி தேசியப் பூங்கா. ஆக அஞ்சு. நாலு நாளில் முடிச்சுடலாம்!" என்றார்.

'முடிச்சுடலாம்' என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அதே வார்த்தையைச் சொன்னவள் நான்.

வெட்கத்தை விட்டு உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அப்போது பாப்பாவுக்கு இரண்டு வயது. வால்பாறைக்குப் போனோம். ஆழியாறிலிருந்து மேலே ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். மூன்று நாளில் ஒன்பது இடங்கள் பார்ப்பதாக நான் பட்டியல் போட்டிருந்தேன். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி எல்லோரும் அணைக்கட்டின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாப்பா குடித்த பாலையெல்லாம் வெளியே தள்ளினாள். "திரும்பிடலாமா?" என்று அவர் கேட்டார். "அறைக்குப் பணம் கட்டியாச்சே!" என்றேன் நான். அழாமல் வரட்டும் என்று கையில் செல்போனைக் கொடுத்துப் பொம்மைப் படம் போட்டுவிட்டேன். அதற்கப்புறம் எத்தனை தடவை வாந்தி எடுத்தாள் என்று எண்ணவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது குழந்தை அழவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. உதடு உலர்ந்து, கண் செருகி, துவண்டு கிடந்தாள். ராத்திரி முழுவதும் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினோம். விடியற்காலையில்தான் சிறுநீர் போனாள். மறுநாள் ஒன்பது இடங்களில் ஒன்றையும் பார்க்காமல் இறங்கினோம்.

ஊருக்கு வந்ததும் டாக்டர் திட்டவில்லை. "செல்போன் கொடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு விளக்கினார். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, 'வண்டி வளைகிறது, குலுங்குகிறது' என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறதாம். சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ, 'எதுவும் அசையவில்லையே' என்கிறதாம். இரண்டு சேதியும் ஒத்துப்போகாததால் மூளை குழம்புகிறது, வயிறு புரட்டுகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இந்தத் தொல்லை அதிகமாம். வெளியே தூரத்தில் தெரியும் மலையையோ மரத்தையோ பார்க்க வைத்தால் கொஞ்சம் அடங்குமாம். நானோ குழந்தையின் கண்ணை வெளியே போகவிடாமல் கட்டிப்போட்டிருக்கிறேன்!

ஆகையால் இந்தத் தடவை அவருடைய ஐந்து பூங்காக்களில் நாலை அடித்தேன். மிச்சம் இரவிகுளம் ஒன்றுதான். அவர் முகம் கொஞ்சம் வாடியது. "அவ்வளவு தூரம் போயிட்டு ஒண்ணே ஒண்ணா?" என்றார். ஒன்றேதான்.

பிப்ரவரியில் இரண்டு பேருக்கும் லீவு கிடைத்தது. வெயிலும் ஏறியிருக்காது, மழையும் இராது என்று குதூகலப்பட்டோம். டிக்கெட் பார்க்கப் போனால் பூங்கா மூடியிருக்கிறது! வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று வருஷந்தோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுகிறார்கள். தாயும் சேயும் தொந்தரவில்லாமல் இருக்கட்டும் என்று 97 சதுர கிலோமீட்டர்ப் பூங்காவையும் ஜனங்களுக்குச் சாத்திவிடுகிறார்கள். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் வேட்டையாடிய மலை அது. 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவானது.

அவர் முணுமுணுத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. என் குழந்தையின் சௌகரியத்தைப் பார்க்காமல் நான் பிரயாணம் போனேன். அங்கே ஆட்டுக் குட்டிக்காக நம் பிரயாணத்தையே நிறுத்திவைக்கிறார்கள்! பாப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "குட்டி பெரிசானப்புறம் போலாம்" என்று சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். லீவை ஏப்ரலுக்கு மாற்றிக்கொண்டோம்.

அடுத்தது வழி. தேனியிலிருந்து போடிமெட்டு ஏறுவதும் ஒரு பாதைதான். ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னார், மறையூர் வழியாகப் போவதென்று தீர்மானித்தேன். அதிலும் வளைவுகள் இல்லாமலில்லை. ஆனால் ஏற்றத்தை இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் சென்னையிலிருந்து திண்டுக்கல்லோடு சரி. மறுநாள் உடுமலையைத் தாண்டி, அமராவதி அணைப் பக்கத்து முதலைப் பண்ணையில் பாப்பா காலாற ஓடட்டும். பிறகு ஆனைமலைக் காடும் சின்னார் சரணாலயமும் வரும். யானை குறுக்கே வரும் சாலை ஆதலால் பகல் வெளிச்சத்திலேயே தாண்டிவிட வேண்டும். (அந்த மலையில் உலாவும் கொம்பன் யானை ஒருவருக்கு 'படையப்பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாப்பாவுக்கு அவரையும் பார்க்க ஆசை, எனக்கு இல்லை.) அன்று ராத்திரி மறையூரில் தங்கல். ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்திலுள்ள ஊர். சந்தன மரக் காடும், பெருங்கற்காலத்து முனியறைகளும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லமும் உண்டு. தமிழ் பேசுகிறவர்களும் நிறைய. மூன்றாம் நாள் காலையில் மீதி ஏற்றம். மறையூர்ப் பக்கமிருந்து போனால் மூணாறு நகருக்கு முன்னாலேயே பூங்கா வாசல் வந்துவிடுகிறது. நம் வண்டியை அங்கே நிறுத்திவிட்டு, வனத்துறை பஸ்ஸில் ராஜமலைக்குப் போய், பிறகு நடக்க வேண்டும்.

குறிஞ்சி பூக்குமா என்று கேட்காதீர்கள். 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான். அதற்குள் பாப்பா கொண்டை ஊசி வளைவுக்கெல்லாம் அஞ்சாத பெரிய மனுஷி ஆகியிருப்பாள்.

இவ்வளவையும் தீர்மானித்த பிறகு அத்தையிடம் மாட்டிக்கொண்டேன். காரின் பின்சீட்டில் குழந்தைக்கென்று தனி நாற்காலி மாட்டியதைப் பார்த்து, "ஏம்மா, பெத்தவ மடி இருக்கறப்போ குழந்தையை எதுக்கு வார் போட்டுக் கட்டணும்?" என்றார். 2019-ல் வந்த சட்டத்தைச் சொன்னேன். பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தை வார் இல்லாமல் வந்தால் 1,000 ரூபாய் அபராதம் என்றேன். "ஆயிரம்தானே!" என்றார். அப்புறம், வண்டி சட்டென்று நின்றால் பதினாலு கிலோக் குழந்தை பல மடங்கு வேகக் கனத்தோடு முன்னால் பாயும், எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது என்று சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. மாலையில் அந்த நாற்காலிக்கென்று ஒரு பழைய பட்டுத்துணியில் மெத்தை தைத்துக் கொண்டுவந்து வைத்தார்.

பையில் என்னென்ன வைத்தேன் என்று கேட்பீர்கள். நாலு மாற்றுச் சட்டை, பழைய துண்டுகள், மூடி போட்ட சின்ன வாளி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், பொரி, எலுமிச்சம்பழம், டாக்டர் அளவு குறித்துக் கொடுத்த மருந்து, கம்பளிச் சட்டை. செல்போனுக்குப் பதிலாக, 'சிவப்புக் கூரை வீடு யார் முதலில் பார்ப்பது?' என்ற விளையாட்டு.

பட்டியலின் தலைப்பில், பிள்ளையார் சுழிக்கு நேர் கீழே, நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு வரி இருக்கிறது: 'இரண்டு தடவை வாந்தி எடுத்தால் திரும்பிவிடுவது, அறைப் பணம் போனால் போகட்டும்.' முதலில் கையெழுத்துப் போட்டது நான்.

வருகிற வியாழக்கிழமை விடியற்காலை புறப்படுகிறோம். பாப்பாவும் தன் பங்குக்குச் சாமான் கட்டிவிட்டாள். திறந்து பார்த்தேன். ஒரு டப்பா நிறையத் திராட்சை. "குட்டி ஆட்டுக்கு" என்றாள். காட்டு மிருகங்களுக்குத் தீனி போடக் கூடாது என்பதை அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை. மறையூர் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.