விடுதிப் படிவத்தில் ஒரு வரி

சேர்க்கைப் பட்டியல் வெளியானதும் ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வரவிருக்கும் மாணவர்கள் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எந்த விடுதியில் தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லை? எந்த மெஸ்ஸில் சோறு குழையாமல் வரும்? மாணவியர் கூடுதலாக ஒன்று கேட்பார்கள்: இரவு எத்தனை மணிக்குக் கதவை மூடுவார்கள்? ஆண்கள் உணவைப் பார்த்து விடுதியைத் தேர்ந்தெடுக்கையில், பெண்கள் நூலகம் மூடும் நேரத்தையும் விடுதிக் கதவு மூடும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டை 2015இல் தில்லியில் தொடங்கிய 'பிஞ்ஜ்ரா தோட்' இயக்கம் பொதுவெளியில் பேசுபொருளாக்கியது. இக்கேள்விகளுக்கெல்லாம் மூத்த மாணவர்களிடம் ஆயத்த விடைகள் உண்டு.

எளிதில் விடை சொல்ல முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலும் மாணவர்கள் கேட்பதில்லை. அவர்களுடைய அம்மாக்கள்தாம் கேட்கிறார்கள். "தமிழ்ப் பிள்ளைங்களோடயே ரூம் போட்டுக் குடுத்துருவாங்களாம்மா?"

உண்மையில், விடுதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு முதலாண்டு மாணவர்க்கு மிகக் குறைவு. ராகிங்கைத் தடுப்பதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த விதிமுறைகள், புதியவர்களை இயன்றவரை தனிப் பகுதியில் தங்கவைக்கச் சொல்கின்றன. மற்றவற்றை இட இருப்பும் விதிகளும் முடிவுசெய்கின்றன. மாணவரின் கையில் எஞ்சுவது, பல விடுதிப் படிவங்களில் காணப்படும் 'உடன் தங்க விரும்புபவர் பெயர்' என்னும் ஒரு வரி. வாட்ஸாப் குழுக்களின் வழியே, ரயில் ஏறுவதற்கு முன்பே அவ்வரியைத் தமிழ் மாணவர்கள் தமிழ்ப் பெயர்களாலும் மலையாளிகள் மலையாளப் பெயர்களாலும் நிரப்பிவிடுகிறார்கள். அந்த வரியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

முதுகலைக்கு வந்தபோது நான் அதை நிரப்பவில்லை. கொள்கை ஏதுமில்லை, இங்கு எனக்கு ஒருவரையும் தெரியாது, அவ்வளவுதான். மூவர் அறை கிடைத்தது. ஒருத்தி ஒடிசாவைச் சேர்ந்தவள், மற்றொருத்தி மணிப்பூரைச் சேர்ந்தவள். அறையின் பொதுமொழி இந்தியாயிற்று. அது எங்கள் மூவருக்குமே வீட்டுமொழியன்று. ஒடியாவின் வினைமுற்றும் மெய்தேயின் வினைமுற்றும் ஆண்பால் பெண்பால் காட்டுவதில்லை. தமிழும் தன்மையில் காட்டுவதில்லை. ஆகவே 'நான் போகிறேன்' என்பதற்கு மூன்று பெண்களும் நெடுநாள் 'மேம் ஜாத்தா ஹூம்' என்று ஆண்பாலிலேயே சொல்லிக்கொண்டிருந்தோம். நடைக்கூடத்தில் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அறைக்குள் சிரிக்க ஆளில்லை. மூவருக்கும் சரியானது தெரியாது. கூச்சமில்லாமல் தவறாகப் பேச அப்படியோர் இடம் வாய்த்ததால்தான் இந்தி வந்தது என்று நினைக்கிறேன். என் அம்மாவின் தொலைபேசி அழைப்பில் 'சாப்பிட்டியா' என்பது எப்போது வரும் என்பதை மூன்றாம் மாதத்திலேயே ஒடியத் தோழி கணித்துச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

ஆனால் அக்டோபரில் காய்ச்சல் வந்தது. குத்துகிறதா, கடுக்கிறதா, உளைகிறதா என்று நான் சொல்ல நினைத்தவை எல்லாம் எனக்குத் தெரிந்த இந்தியில் 'தர்த்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. தோழியர் இருவரும் நெற்றியில் ஈரத்துணி போட்டு இரவெல்லாம் விழித்திருந்தார்கள். அவர்கள் அன்பில் குறையில்லை. இருந்தும் மறுநாள் மேல்தளத்துத் தமிழ் அக்கா ஒருவரின் அறைக்குப் போய், விதிக்குப் புறம்பாக மின்கெண்டியில் வைத்த ரசத்தைக் குடித்துக்கொண்டே வலியைத் தமிழில் சொன்ன பிறகுதான் ஆறுதலாயிற்று.

இவ்விரண்டு தேவைகளும் ஒன்றையொன்று மறுப்பவை என்று நான் கருதவில்லை. மொழியியல் மாணவர்கள் அனைவரும் படிக்கும் ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. மகாராட்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள குப்வாட் என்னும் ஊரைப் பற்றிக் கம்பர்ஸும் வில்சனும் 1971இல் வெளியிட்ட கட்டுரை அது. அவ்வூரில் கன்னடம், மராத்தி, உருது, தெலுங்கு என நான்கு மொழிகள் வழங்கின. நூற்றாண்டுக்கணக்கில் வயலிலும் கடையிலும் ஒருவரோடொருவர் பேசிப்பேசி, மொழிகளின் தொடரமைப்புகள் வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றையொன்று நெருங்கிவிட்டிருந்தன. பால் பாகுபாட்டில்கூட உருதும் மராத்தியும் கன்னடத்தின் பக்கம் நகர்ந்திருந்தன. ஆயினும் எந்த மொழியும் மறையவில்லை. வீட்டுக்குள் அவரவர் மொழியே புழங்கியது. கலப்பதற்கு ஒரு களமும் காப்பதற்கு ஓர் இல்லமும் அங்கே தனித்தனியே இருந்தன. விடுதி மாணவருக்கு அந்த இல்லம் இல்லை. களமும் இல்லமும் ஒரே அறையாகிவிடுகின்றன. அம்மாக்களின் அச்சம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

'கலந்து இருங்கள்' என்று பொத்தாம்பொதுவாக அறிவுரை சொல்ல எனக்குத் தயக்கம் இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கலத்தலின் விலை எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. என் இந்தியைக் கேட்டுச் சிரித்தவர்கள் என் பின்புலத்தைத் தோண்டவில்லை. முழுப்பெயர் என்ன, தரவரிசை எத்தனை, எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது என்று நயமாக விசாரிக்கப்படும் மாணவருக்குப் பொது அறை ஒரு நேர்முகத் தேர்வாகிவிடுகிறது. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, தொல்லைகள் தாளாமல் அவர்கள் விடுதியின் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்க நேர்ந்ததை 2007இல் பதிவுசெய்தது. அவர்கள் கலக்க மறுத்தார்கள் என்று யார் சொல்ல முடியும்?

தனித்திருத்தலுக்கு நம் வரலாற்றில் இருவேறு முகங்கள் உண்டு. கோலாப்பூரில் சாகு மகாராசர் 1901 முதல் வெவ்வேறு சமூகத்து மாணவர்களுக்கெனத் தனித்தனி விடுதிகள் அமையச் செய்தார். கல்விக்கூடத்தை எட்டியிராத வீடுகளின் பிள்ளைகள் நகரத்தில் தங்கிப் படிக்க அவை வழிவகுத்தன. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்க்குத் தனிப்பந்தி நடந்ததும் தனித்திருத்தல்தான். 1924–25இல் அதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய குரல் தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது. ஆகவே சேர்ந்திருக்கிறார்களா, பிரிந்திருக்கிறார்களா என்பதைக் காட்டிலும், அந்தப் பிரிவு யாருடைய தேவைக்காக என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. தங்குவதற்கு நிழல் தேடுபவரும் தீட்டுக்கு அஞ்சி விலகுபவரும் படிவத்தில் ஒரே வரியைத்தான் நிரப்புகிறார்கள்.

இந்த ஆண்டு வரவிருக்கும் தம்பி தங்கையர்க்கு நான் சொல்வது இதுதான். அச்சம் ஊர் விட்டு ஊர் வருவதால் எழும் வழக்கமான அச்சமென்றால், அவ்வரியைக் காலியாக விடுங்கள். தனியறை கிடைத்தாலும் முதலாண்டில் பகிர்வறையையே கேளுங்கள். வாரம் ஒருமுறையேனும் தமிழில் உண்டு பேசும் ஒரு மேசையைத் தேடிக்கொள்ளுங்கள். அறை ஒருவருடனும் மேசை வேறொருவருடனும் இருப்பதில் தவறில்லை. உங்கள் அச்சம் வேறு வகையானது என்றால், நம்பிக்கைக்குரியவரின் பெயரைத் தயங்காமல் எழுதுங்கள். அதற்காக யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுள் விடுதிக் காப்பாளர்களும் இருப்பீர்கள். முதல் பருவம் முடிந்ததும், காரணம் எழுதச் சொல்லாமலே அறை மாறும் வாய்ப்பை ஒருமுறை அளியுங்கள். உண்மைக் காரணத்தைத் தாளில் எழுத முடியாதவர்களுக்கே அது மிகவும் தேவைப்படுகிறது.