வெப்பத்தின் பற்று வரவு

பேத்தி பதினோராம் வகுப்பு. போன வாரம் இயற்பியல் நோட்டோடு வந்து, "தாத்தா, விடை மைனஸ்ல வருது" என்றாள்.

கணக்கு இதுதான். 30 டிகிரியில் இருக்கும் 200 கிராம் தண்ணீரில் 0 டிகிரிப் பனிக்கட்டி 100 கிராம் போட்டால் கடைசி வெப்பநிலை என்ன? சூத்திரத்தில் எண்களைப் போட்டு மைனஸ் 6.67 என்று கொண்டுவந்திருந்தாள். பனிக்கட்டியே 0 டிகிரியில் இருக்கிறது. அதைப் போட்ட தண்ணீர் அதைவிடக் குளிருமா?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இதை எங்கள் முசியே 'மெத்தோத் தே மெலான்ழ்' என்பார். கலவை முறை. சூடானது கொடுத்ததும் குளிர்ந்தது வாங்கியதும் சமம், அவ்வளவுதான் விஷயம். பிற்பாடு அரசு அலுவலகத்தில் பேரேடு எழுதியபோது அதே சங்கதிதான் என்று தோன்றியது. கையிருப்பைப் பார்க்காமல் பில்லைப் பாஸ் பண்ண முடியுமா?

பேத்தியிடமும் அதைத்தான் கேட்டேன். தண்ணீரின் கையிருப்பு எவ்வளவு? 0 டிகிரி வரை குளிர்ந்தால் அது தரக்கூடியது 200 × 30, அதாவது 6000 கலோரி. பனிக்கட்டி கேட்பது? ஒரு கிராம் உருக 80 கலோரி. 100 கிராமுக்கு 8000. கட்டுப்படியாகாது. அப்படியானால் 6000-ஐ 80-ஆல் வகு. 75 கிராம் உருகும், 25 கிராம் மிதக்கும், வெப்பநிலை 0. சூத்திரம் பனிக்கட்டி முழுவதும் உருகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் மைனஸ்.

இந்த உருகும் பனியையே அளவுகோலாக்கியவர்கள் லவுவாசியேவும் லாப்லாஸும். 1782-83 குளிர்காலத்தில், பாரிஸில். ஒரு பாத்திரத்தில் சூடான பொருள், அதைச் சுற்றிப் பனிக்கட்டி. உருகி வடிந்த நீரை நிறுத்தால் பொருள் எவ்வளவு வெப்பம் கொடுத்தது என்று தெரிந்துவிடும். அதற்கும் வெளியே இன்னொரு சுற்றுப் பனிக்கட்டி வைத்தார்கள். அறையின் சூடு கணக்கில் திருட்டுத்தனமாக நுழையாமல் இருக்க! ஒரு கினிப்பன்றியைக்கூட உள்ளே உட்கார வைத்து அதன் உடல் சூட்டை அளந்தார்கள். லவுவாசியே அரசுக்கு வரி வசூலித்துக் கொடுத்த கம்பெனியில் பங்குதாரர். 1794-ல் அவர் தலையை வாங்கியது அந்தத் தொழில்தான். இருந்தாலும் அந்த வெளிச்சுற்றைப் பார்த்தால் கணக்குப்பிள்ளை புத்தி தெரிகிறது. எனக்குப் பிடித்த மனிதர்.

எங்கள் வீட்டில் இந்தக் கணக்கு தினமும் நடக்கிறது. என் மனைவிக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வெந்நீரைத் தானே கலந்து காலில் ஊற்றிக்கொண்டாள். கொப்புளம் வந்ததை மறுநாள்தான் பார்த்தோம். ஆற இரண்டு மாதம் ஆனது. விரல் போய்விடுமோ என்று நான் தூங்காத ராத்திரிகள் அவை.

அன்றிலிருந்து கலப்பது என் வேலை. கொதிநீர் 100, குழாய்த் தண்ணீர் 28. ஒரு சொம்பு கொதிநீருக்கு ஆறு சொம்பு தண்ணீர்: 100-உம் 168-உம் சேர்ந்து 268, ஏழால் வகுத்தால் 38 சொச்சம். மார்கழியில் தண்ணீர் 25-க்கு இறங்கும்போது ஐந்து சொம்பு போதும்; 37.5 வரும். முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். வாளியும் காற்றும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆகவே நிஜம் கணக்குக்குக் கீழேதான் நிற்கும், மேலே போகாது. ஆனாலும் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

"என்னங்க, இதுக்கெல்லாமா கணக்கு? கையை வச்சா தெரியாதா?" என்பாள் அவள். பேத்தி அந்தப் பக்கம் நின்று சொம்புகளை எண்ணிக்கொண்டிருப்பாள்.