மரக்குதிரையும் எந்திர யானையும்

ட்ரோஜன் என்ற பெயர் ட்ராய் நகரத்து மரக்குதிரையிலிருந்து வந்தது என்பது அநேகமாக எல்லோரும் அறிந்ததே. ஆனால் ஹோமரின் இலியத்தில் அந்தக் குதிரை வருவதில்லை. ஒடிஸியில் ஒரு பாணனின் பாட்டாகச் சிறிது வருகிறது. விரித்துச் சொன்னவர் வர்ஜில். நமக்கு இன்னும் அருகில் ஒரு கதை உண்டு. உதயணனைச் சிறைப்பிடிக்கப் பிரச்சோதனன் வீரர்களை உள்ளே ஒளித்து எந்திர யானை ஒன்றைக் காட்டில் நிறுத்தினான். யாழிசைத்து யானையை வசப்படுத்தும் உதயணன் அதை நாடித் தானே சென்றான். அவனை வீழ்த்த அவனுடைய விருப்பமே போதுமானதாக இருந்தது.

ட்ரோஜன் டவுன்லோடர் என்ற வகை எனக்கு இந்த யானையைத்தான் நினைவூட்டுகிறது. ஒரு வேறுபாடு, இதன் வயிற்றில் படை இல்லை. ஒரே ஓர் ஆள். அவன் எதையும் உடைப்பதில்லை. உள்ளே அமர்ந்து, வெளியே எங்கோ இருக்கும் வழங்கியுடன் பேசி, பிற தீநிரல்களை ஒவ்வொன்றாக வரவழைக்கிறான். கதவைத் திறப்பது மட்டுமே அவன் தொழில்.

எமோடெட் இதற்குச் சரியான உதாரணம். 2014ல் வங்கிக் கடவுச்சொற்களைத் திருடுவதாக அறியப்பட்டது, பின்னர் பிற திருடர்களுக்குக் கதவை வாடகைக்கு விடும் தொழிலுக்கு மாறியது. அது ட்ரிக்பாட்டை அழைத்துவரும்; அதன்பின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரியுக் வரும். 2019 செப்டம்பரில் பெர்லின் உயர்நீதிமன்றத்தின் கணினிகளையே வலையிலிருந்து துண்டிக்க நேர்ந்தது. அதன் உச்சபட்சத் தந்திரம், திருடிய மின்னஞ்சல்களில் உள்ள பழைய உரையாடலுக்கே பதில் எழுதுவது.

2020 அக்டோபரில் சிற்றிதழ் நடத்தும் மூத்த நண்பர் ஒருவருக்கு அப்படியொரு பதில் வந்தது. கவிதை கேட்டு அவர் எழுதிய கடிதத்தின் கீழேயே, கவிஞரின் பெயரில், ஒரு வேர்ட் ஆவணம். திறந்து, அது கேட்டபடி மேக்ரோவுக்கும் அனுமதி கொடுத்துவிட்டார். உள்ளே கவிதை இல்லை.

"அந்தக் கோப்பை அப்பவே அழிச்சிட்டேனே தம்பி, இன்னும் என்ன?" என்று கேட்டார்.

கோப்பு போய்விட்டது, ஆள் உள்ளே இருக்கிறான் என்றேன். கணினி தொடங்கும்போதெல்லாம் தானும் எழுந்துகொள்ள அவன் பதிவகத்தில் ஒரு வரி எழுதி வைத்திருப்பான். அவனைத் தேடி அழித்துவிடலாம். ஆனால் அதற்குள் யாரை அழைத்து வந்தான் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே வன்தட்டை முழுக்கத் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே வழி. அவர் முகம் வெளிறிவிட்டது. இருபதாண்டு மெய்ப்புகள், மறைந்துபோன எழுத்தாளர்களின் கடிதங்கள், எல்லாம் அந்த ஒரே தட்டில்.

முதலில் இணையத்தைத் துண்டித்தோம். வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றினோம். பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, நோயுற்ற விண்டோஸை எழுப்பாமலேயே ஆவணங்களை மட்டும் நகலெடுத்தோம். மென்பொருள் எதையும் எடுக்கவில்லை. மேக்ரோ உள்ள கோப்புகளைத் தனியே ஒதுக்கினோம். எடுத்த நகல்களைச் சோதித்தபிறகே தட்டைத் துடைத்தோம். மூன்று மாலைகள் ஆயின.

கடினமான வேலை அதற்குப் பிறகுதான். அவர் தொலைபேசியை எடுத்து ஒவ்வொரு படைப்பாளியையும் அழைத்தார். "என் பேர்ல கடிதம் வந்தா திறக்காதீங்க." வாழ்நாளெல்லாம் தன் கடிதத்தைத் திறந்து படியுங்கள் என்று வேண்டிக்கொண்டிருந்த மனிதர் அவர். ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் சற்றுநேரம் பேசாமல் இருந்தார்.

2021 ஜனவரியில் எட்டு நாடுகளின் காவல்துறைகள் சேர்ந்து எமோடெட்டின் வழங்கிகளைக் கைப்பற்றின. ஏப்ரல் 25 அன்று, நோயுற்ற கணினிகளிலிருந்து அது தன்னைத்தானே நீக்கிக்கொள்ளும்படி செய்தார்கள். அது ஏற்கனவே அழைத்து வந்திருந்தவை அப்படியே இருந்தன. நவம்பரில் ட்ரிக்பாட் வழியாகவே எமோடெட்டும் திரும்பியது. கதவைத் திறந்தவனை வெளியேற்றினால் மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கிறது. திருடர்கள் வேறு உறைகளுக்கு மாறிவிட்டார்கள். எதிர்பாராத இணைப்பு வந்தால், அது நெருங்கியவரிடமிருந்தே என்றாலும், திறக்குமுன் அவரை அழைத்துக் கேளுங்கள். கவிஞர்கள் கோபித்துக்கொள்வதில்லை, பேச ஆள் கிடைத்ததில் மகிழவே செய்கிறார்கள்.