1499 சி.சி.

கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான் இந்தக் கதையை முதலில் என் காதில் போட்டார். பட்டறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் துருவேறிய வார்ப்புகள் மழையிலும் வெயிலிலும் கிடந்தன. ஏன் இப்படிக் கிடக்கின்றன என்று கேட்டேன்.

"கெடக்கட்டுங்க. ஊத்துன கையோட மெஷின்ல ஏத்துனா அப்புறம் கோணிக்குமுங்க. உள்ள இருக்கற இறுக்கம் தளரோணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜெர்மனிக்காரன் ரேஸ் எஞ்சின் பிளாக்கு மேல ஒண்ணுக்கே அடிப்பானாமுங்க, தெரியுமுங்களா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். கதை மட்டும் என்னை விடவில்லை.

அது பி.எம்.டபிள்யூ கதை. 1983-இல் நெல்சன் பிக்கே, பி.எம்.டபிள்யூ எஞ்சின் பூட்டிய பிரபாம் காரில் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார். டர்போ எஞ்சினுக்குக் கிடைத்த முதல் ஓட்டுநர் பட்டம் அது. எம்12/13 என்ற அந்த எஞ்சினின் பிளாக், சாதாரண ஊர்க்காரின் வார்ப்பிரும்பு பிளாக். அதுவும் லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய பிளாக்காகப் பார்த்துப் பொறுக்கினார்கள், வெட்டவெளியில் மாதக்கணக்கில் போட்டு வைத்தார்கள், போகிறவர் வருகிறவரெல்லாம் அதன் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று கதை போகும்.

இதில் எதெல்லாம் நிஜம்?

ஊர்க்கார் பிளாக் என்பதில் சந்தேகமே இல்லை. எம்10 என்ற அந்தக் குடும்பம், 1961-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டிய பி.எம்.டபிள்யூ 1500 காரோடு பிறந்தது. நான்கு சிலிண்டர், 80 குதிரைத்திறன். அந்த பிளாக்கில் டர்போ ஏறியதும் ஃபார்முலா ஒன்னில்தான் என்றில்லை. 1969-இலேயே டர்போ பூட்டிய பி.எம்.டபிள்யூ 2002 கார், ஐரோப்பிய டூரிங் கார் போட்டியில் ஓடி ஜெயித்திருக்கிறது. 1973-இல் 2002 டர்போ சாலைக் காராகவே அறிமுகமானது. தானாகக் காற்றிழுக்கும் எஞ்சினுக்குள் டர்போ காற்றைத் திணித்தால், பெட்ரோல் நேரம் வருமுன்னே தானாக வெடித்து பிஸ்டனைப் பொத்தலாக்கும். அதனால் கம்ப்ரஷனை 6.9-க்கு இறக்கினார்கள். 130 குதிரைத்திறன் 170 ஆனது. முன்பக்கம் 'டர்போ' என்று கண்ணாடி எழுத்தில் ஒட்டினார்கள், முன்னால் போகிறவன் தன் கண்ணாடியில் படித்து வழிவிட வேண்டுமாம். அந்த நேரம் பார்த்து எண்ணெய் நெருக்கடி வந்தது. 1,672 வண்டிகளோடு கடை மூடிவிட்டார்கள்.

பழைய பிளாக் என்பதும் பி.எம்.டபிள்யூ தரப்பிலேயே பலமுறை சொல்லப்பட்டதுதான். எஞ்சினை உருவாக்கிய பால் ரோஷே, கேம் ஷாஃப்டில் கில்லாடி என்பதால் 'நோக்கன் பவுலே' என்று பட்டப்பெயர் வாங்கியவர். ஓடிப் பழகிய பிளாக்கில் வார்ப்பின் உள்ளிறுக்கம் தளர்ந்திருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. கணபதி அண்ணன் சொன்ன அதே கணக்கு.

சிறுநீரில்தான் நான் முட்டி நின்றேன். அதிலிருக்கும் நைட்ரஜன் இரும்பில் ஏறி மேற்பரப்பைக் கெட்டியாக்குகிறது என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. நைட்ரைடிங் என்ற முறை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு அமோனியா வாயுவும் 500 டிகிரிக்கு மேல் சூடும் வேண்டும். சுவரோரம் நின்று அடிப்பதில் இரண்டுமே கிடையாது. துருப்பிடிக்கும், நாறும், அவ்வளவுதான். ரேஸ் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்குக் குறும்பு அதிகம் என்பதற்கு வேண்டுமானால் இதைச் சாட்சியாக வைக்கலாம்.

அதோடு இன்னொரு முடிச்சும் விழுந்தது. வார்ப்பிரும்பின் இறுக்கத்தைச் சரியாகத் தளர்த்தவும் 500, 600 டிகிரி வேண்டும். ஓடும் காரில் தண்ணீர் 90 டிகிரிதான் காய்கிறது. அப்படியானால் லட்சம் கிலோமீட்டர் ஓடியதால் பிளாக்குக்கு என்ன லாபம்? ஏதோ கொஞ்சம் தளரும்தான். அதைவிட, வார்ப்பில் ஓட்டையோ கீறலோ இருந்த பிளாக் அத்தனை தூரம் ஓடியிருக்காது, வழியிலேயே விரிந்து பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். ரோஷே கையில் எடுத்தவை தேறியவை.

இதை யோசித்துக்கொண்டே பழைய அளவுகளைப் புரட்டியபோதுதான் அந்த எண் கண்ணில் பட்டது. 1961-இன் பி.எம்.டபிள்யூ 1500: 1499 சி.சி. 1983-இன் உலகப் பட்ட எஞ்சின்: 1499 சி.சி. டர்போ எஞ்சின் ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய பந்தய விதி, ஆகவே ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் உள்ளே இரண்டும் வேறு. முதலாவதில் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 82 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 71. இரண்டாவதில் போர் 89.2.

எம்10 பிளாக்கை, சிலிண்டர் நடுவுக்கும் அடுத்த சிலிண்டர் நடுவுக்கும் 100 மி.மீ. இருக்கும்படி வரைந்திருக்கிறார்கள். 82 போருக்கு இத்தனை இடம் தேவையே இல்லை. நிர்வாகம் கேட்டது 1.3 லிட்டர் எஞ்சின். வடிவமைத்த அலெக்ஸ் ஃபோன் ஃபால்கன்ஹவுசன், குறைந்தது 1.5, பின்னால் இரண்டு லிட்டர் வரை வளர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். க்ராங்குக்கு ஐந்து மெயின் பேரிங் வைத்தார். பின்னாளில் ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டியும் அந்த இரும்பு தாங்கியதற்கு நான் தேடிய பதில், துருவில் இல்லை, சிறுநீரிலும் இல்லை, இந்தப் பிடிவாதத்தில்தான் இருக்கிறது.

அதற்காக எல்லாமே சுலபமாக நடந்துவிடவில்லை. 1982 ஜூனில் டெட்ராய்ட்டில் பிக்கேயால் பந்தயத்துக்குத் தகுதியே பெற முடியவில்லை. அடுத்த வாரமே மான்ட்ரியலில் ஜெயித்தார். பட்டம் வாங்கிய ஆண்டில், முன்கூட்டி வெடிக்காத டொலுவின் கலந்த பெட்ரோலை வின்டர்ஷால் கம்பெனி செய்து கொடுத்தது. கடைசிப் பந்தயம் தென்னாப்பிரிக்காவின் கியலாமியில். பட்டத்துக்குப் போட்டியிட்ட பிரோஸ்டின் ரெனோவில் டர்போ போய்விட்டது. பிக்கே மூன்றாவதாக வந்தே பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

போன மாதம் கணபதிக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிறுநீர் பொய் என்றதும் முகம் வாடிவிட்டது. பிறகு கேட்டார்.

"போர் எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"89.2."

எண்ணெய்ப் பிசுக்கேறிய கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். "ஒன்றரை லிட்டருன்னா ஸ்ட்ரோக் அறுபதுதானுங்க வரும். க்ராங்க் புதுசா செஞ்சிருப்பான்" என்றார்.

அறுபதேதான்.