எடை இறங்கிய பிறகே இறுக்கம்

மிச்சிகனில் குளிர்காலம் முடிந்தாலும் உப்பு முடிவதில்லை. பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, வண்டியின் அடியில் உள்ள ஒவ்வொரு போல்ட்டிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். என்னுடையது 2005க்கும் 2015க்கும் இடைப்பட்ட தலைமுறை டொயோட்டா டக்கோமா. அதன் முன்பக்கக் கீழ் ஆர்ம்களில் அலைன்மென்ட்டுக்கென்று கேம் போல்ட்டுகள் இருக்கின்றன. அவை புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை உயர்த்தும் வேலையை நான் ஸ்பேனரோடு தொடங்குவதில்லை. பல நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை மரைகளில் அடித்து ஊறவிடுவதுதான் முதல் வேலை.

அடுத்தது அளவு. ஜாக்கியைத் தொடுவதற்கு முன், சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவைக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்றும் கணக்கில் நுழைந்துவிடும். எவ்வளவு உயர்த்தலாம் என்று கேட்பவர்களிடம் முன்னால் இரண்டரை அங்குலம் போதும் என்பேன். மூன்றைத் தாண்டினால் முன் ஆக்ஸில்களின் சாய்வு கூடி, அவற்றின் ரப்பர் உறைகள் சீக்கிரம் கிழியும். மேல் பால் ஜாயின்ட் தன் எல்லையை நெருங்கும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பின் டிஃபரென்ஷியலை இந்த வேலை ஒரு நூல்கூட உயர்த்தாது. அது அச்சோடு கீழேயே நிற்கும். பெரிய டயர் மட்டுமே அதை மேலே தூக்கும். நாம் உயர்த்துவது சேசிஸையும் பம்பரின் மூக்கையும்தான். காட்டுப் பாதையில் அதுவே பெரிய உதவி.

ஸ்பிரிங் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அங்குலத்துக்கு 600 பவுண்டு எதிர்க்கும் காயில் ஸ்பிரிங்கை மூன்று அங்குலம் அழுத்தினால், 1,800 பவுண்டு, அதாவது 800 கிலோவுக்கு மேற்பட்ட விசை, இரண்டு கம்பிக் கொக்கிகளின் பிடியில் நிற்கிறது. அதை வாடகைக் கம்ப்ரெஸரால் வீட்டு ஷெட்டில் செய்யாதீர்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஏற்கெனவே கோத்து வருவதை வாங்குங்கள், அல்லது கோக்கும் வேலையை மட்டும் பட்டறையில் கொடுங்கள். அலைன்மென்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம்.

வீட்டில் செய்வதே மேல் என்றும் சொல்வேன். காரணம் புஷ். ஆர்ம் சேசிஸோடு சேரும் இடத்தில் வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு குழாய், இரண்டுக்கும் நடுவே ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை இறுக்கும்போது அந்த உள்குழாய் சேசிஸோடு பிடிபட்டுவிடுகிறது. பிறகு ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுகுவதால் நடப்பதே. அங்கே எதுவும் சுழல்வதில்லை. ஆகவே எந்த நிலையில் இறுக்குகிறோமோ, அதுவே ரப்பரின் ஓய்வு நிலை. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் பிழிந்த துணியைப் போல முறுகியே கிடக்கும். பள்ளத்தில் விழும்போது இன்னும் முறுகும். சவாரி விறைப்பாகும், உயரம் சற்றுப் பொய்யாகக் காட்டும், கடைசியில் ரப்பர் கிழியும். பட்டறையில் வண்டி தூண் லிஃப்ட்டில் ஏறியிருக்கும், சக்கரங்கள் தொங்கும், கைக்கு எட்டுகிற அந்த நேரத்திலேயே இறுக்கிவிடத்தான் தோன்றும். வீட்டிலோ வண்டி எப்படியும் தரைக்கு வந்தாக வேண்டும். (பாலியூரித்தேன் புஷ்ஷில் குழாய் சுழலும், அதற்குக் கிரீஸ்தான் தேவை.)

எனவே ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை எல்லாம் முதலில் அசையாத அளவுக்கு மட்டும் பிடித்துவைக்கிறேன். சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்குகிறேன். இறக்கியவுடன் முன் டயர்கள் உள்பக்கம் ஒடுங்கி நிற்கும். வண்டியும் உண்மை உயரத்தைவிட மேலே நிற்கும். சில அடி முன்னும் பின்னும் மெதுவாக உருட்டி, பம்பரில் ஏறி நாலு தடவை அமுக்கினால் டயர் விரிந்து வண்டி தன் இடத்தில் அமரும். பிறகுதான் டார்க் ரெஞ்சோடு அடியில் புகுந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு ஒவ்வொன்றாக இறுக்குகிறேன். மல்லாந்து புகுந்து கை நீட்ட இடம் குறைவுதான். ரெஞ்ச் ஒரு தடவைக்குக் கொஞ்சமே நகரும். இருந்தாலும் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த நேரம் அது. வண்டியின் முழு எடையும் எனக்கு மேலே, அதன் சொந்தச் சக்கரங்களின் மேல் நிற்கிறது. ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டையும் போட்ட பிறகே தலையை உள்ளே விடுவேன்.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குக்கும் இதே விதிதான்: கண் போல்ட்டும் ஷாக்கிள் போல்ட்டும் எடை இறங்கிய பிறகே. அச்சை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் மட்டும் கட்டாயம் புதியவை. ஒரு முறை இறுக்கியதில் நீண்டுபோன மரையை மறுபடி நம்பக்கூடாது. குறுக்காக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, சில நூறு மைல் ஓடியபின் மீண்டும் பார்க்க வேண்டும்.

அலைன்மென்ட்டுக்கு மட்டும் பட்டறைக்குப் போகிறேன். முன்னால் உயர்த்தும்போது காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைகிறது. ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் அதனால் மங்கும். வெறும் டோவை (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணத்தை) மட்டும் சரிசெய்து அனுப்பும் இடத்தை விட்டு, காஸ்டர் எண்ணை அச்சிட்டுக் கையில் தரும் இடத்தைத் தேடுங்கள். அங்கே போகும் முன் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி முகப்பு விளக்குகளைத் தாழ்த்திவிடுங்கள். மூக்கு உயர்ந்த அளவுக்கு ஒளியும் உயர்ந்திருக்கும். அது நேராகப் போய் விழுவது எதிரே வருபவரின் கண்ணில்.