கூட வரைந்தவர்கள்

தருமபுரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒகேனக்கல் அருவி. அங்கே கரையில் பொரித்துத் தருகிற மீன். கொஞ்சம் இலக்கியம் படித்தவர் என்றால் அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும். ராத்திரி பஸ்ஸில் பெங்களூர் போகிறவர்களுக்கு, தூக்கக் கலக்கத்தில் இறங்கி டீ குடிக்கிற ஊர். ஓவியம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

தருமபுரியில் இருந்து சேலம் போகிற சாலையில், ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அதியமான்கோட்டை. அங்கே சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கிறது. சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்தில் நின்று ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். ராமாயணமும் பாரதமும் தலைக்கு மேலே வண்ணத்தில் நடந்துகொண்டிருக்கும். காலம் தின்றது போக மிச்சம்தான். அந்த மிச்சத்துக்கே கழுத்து வலிக்கும்.

என்னை அங்கே அழைத்துப் போனவர் தருமபுரிக்காரர். அந்தக் காலத்து போர்டு ஆர்ட்டிஸ்ட். பெயர் வேண்டாம் என்றார். தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். "இப்படிப் பார்த்தாதான் சார் தெரியும். வரைஞ்சவங்க சாரம் கட்டி, மல்லாந்து கிடந்துதானே வரைஞ்சிருப்பாங்க. கண்ணுல கலர் சொட்டியிருக்கும்" என்றார்.

நானும் படுத்தேன். கோயிலுக்கு வந்திருந்த ஒரு அம்மா எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

"இது ஒருத்தர் வேலை இல்ல சார். சுண்ணாம்பு பூச ஒருத்தன், காவிக்கல்லு அரைக்க ஒருத்தன், கோடு போட ஒருத்தன், உள்ள கலர் நிரப்ப ஒருத்தன். சாப்பாட்டு நேரத்துல இறங்கி உட்கார்ந்து, 'உன் அர்ஜுனனுக்குக் கை குட்டையா இருக்குடா'ன்னு கிண்டல் பண்ணியிருப்பாங்க. எனக்கு அப்படிச் சொல்லத்தான் ஆள் இல்லாமப் போச்சு."

அந்தக் கடைசி வரி எனக்குள் தங்கிவிட்டது. ஓவியனுக்கு வண்ணம் வேண்டும், தூரிகை வேண்டும், சுவர் வேண்டும். பக்கத்தில் இன்னொரு ஓவியன் வேண்டும் என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. அவருக்குக் கல்லூரி, தெருமுனை சலூன். 1980களில் முடிவெட்டப் போனால் முறை வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை பெஞ்சில் கிடக்கும் வாரப் பத்திரிகைகள்தான் பாடப் புத்தகம். ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்த காலம். மற்றவர்கள் கதையைப் படித்தார்கள். இவர் ஆதிமூலத்தின் கோடுகளைப் படித்தார்.

"கிழவன் முகத்துல எத்தனை கோடு சார்! எடுத்துப் பார்த்தா கிறுக்கல் மாதிரி இருக்கும். தள்ளி வெச்சுப் பார்த்தா ஆளு மூச்சு விடுவான். சலூன்காரர் பார்க்காதப்ப பக்கத்தைக் கிழிச்சு சட்டைக்குள்ள வெச்சுக்குவேன். அவருக்கும் தெரியும். ஒண்ணும் சொல்ல மாட்டார்."

கே.எம்.ஆதிமூலம் திருச்சிப் பக்கம் கீராம்பூரில் 1938-ல் பிறந்தவர். சென்னைக்கு வந்தவருக்கு வழி காட்டியவர் சிற்பி எஸ்.தனபால். 1969, காந்தி நூற்றாண்டு. அந்தச் சமயத்தில் காந்தியை மட்டுமே நூறு கோட்டோவியங்களாக வரைந்தார் ஆதிமூலம். பிறகு கிரீடம் மிஞ்சி அதிகாரம் போன மகாராஜாக்களை வரைந்தார். அப்புறம் உருவங்களையே விட்டுவிட்டு வெறும் வண்ணங்களுக்குள் போனார். 2008 ஜனவரியில் காலமாகும் வரை வரைந்தபடியே இருந்தார். தருமபுரி சலூனில் தனக்கு ஒரு மாணவன் இருந்தது அவருக்குத் தெரியாது.

இது ஒன்றும் புதிதல்ல. பிரான்ஸில் வான்கா மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, மில்லேயின் ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். மில்லே செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. வான்காவின் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள்தான். வண்ணங்களை அவரே போட்டுக்கொண்டார். அதற்கு முந்தைய வருடம், 1888-ல், ஆர்ல் நகரில் மஞ்சள் வீட்டை வாடகைக்கு எடுத்து, ஓவிய நண்பன் கோகன் வருகிறான் என்று அவனுடைய அறைக்காகவே சூரியகாந்திப் பூக்களை வரைந்து மாட்டியவர் அவர். நண்பன் வந்தான். ஒன்பது வாரம்தான் சேர்ந்திருந்தார்கள். சண்டையில் முடிந்தது. ஆனால், ஒரு நண்பனை வரவேற்க வரைந்த பூக்கள் இன்னும் வாடவில்லை.

நம் பக்கத்திலேயே கதை உண்டு. சேலத்துக்கு அந்தப் பக்கம் நாமக்கல். அங்கே படம் வரைந்துகொண்டிருந்த ஸ்ரீநிவாசன் என்கிற பையனைச் சென்னைக்குப் போய் ஓவியம் படிக்கச் சொன்னவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. அவரே ஓர் ஓவியர் என்பது பலருக்குத் தெரியாது. விகடனில் அந்தப் பையனின் கோட்டைப் பார்த்து 'சில்பி' என்று பெயர் வைத்தவர் இன்னொரு ஓவியர், மாலி. ஒருவர் அனுப்பிவைத்தார், ஒருவர் பெயர் கொடுத்தார். நமக்குத் 'தென்னாட்டுச் செல்வங்கள்' கிடைத்தது.

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரத்தில் 1966-ல் சோழமண்டலம் உருவானதும் இப்படித்தான். ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கரும் அவருடைய மாணவர்களும், படம் வரைந்து மட்டும் பிழைக்க முடியாது என்று தெரிந்து, துணிகளில் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். கீற்றுக் கொட்டகையில் குடியிருந்தார்கள். பகலில் வயிற்றுக்கு ஒரு வேலை, மீதி நேரத்தில் மனசுக்கு ஒரு வேலை.

அந்தக் கூட்டத்தில் ராமானுஜம் என்று ஒருவர். பேச்சு திக்கும். மற்றவர்களோடு எளிதில் ஒட்ட மாட்டார். தன் படங்களில் மட்டும் தொப்பி போட்டுக்கொண்டு, விநோத மிருகங்களும் மாளிகைகளும் நிறைந்த கனவு உலகில் ராஜா மாதிரி உலவுவார். 1973-ல், முப்பத்து சொச்சம் வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். நண்பர்கள் இருந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று கேட்கலாம். அந்த இடமும் இல்லாமல் போயிருந்தால் அந்தக் கனவுகளில் எத்தனை நம் கைக்கு வந்திருக்கும் என்றும் கேட்கலாம். இரண்டு கேள்வியுமே நியாயம்தான்.

தருமபுரிக்காரருக்கு சோழமண்டலமும் இல்லை, மஞ்சள் வீடும் இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்ன கடை. கடைப் பலகை, லாரிக் கதவு, கல்யாண போர்டு, தேர்தல் வந்தால் சுவர். நூலில் சுண்ணாம்பு தொட்டுக் கோடு அடித்து, கட்டம் போட்டு, தலைவர்களின் முகத்தைப் பெரிசு பண்ணுவார். எல்லாக் கட்சித் தலைவருக்கும் ஒரே அளவு சிரிப்பு என்பது அவருடைய கொள்கை.

2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு வாரம் வரைய வேண்டியதை மெஷின் ஒரு மணி நேரத்தில் துப்பியது. இரண்டு வருடத்தில் கடையை மூடினார். பெயின்ட் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். வரைகிற வேலை இல்லை. டின் எடுத்துக் கொடுக்கிற வேலை.

"பத்து வருஷம் சார். தினம் கலரைத் தொட்டேன். ஒரு கோடு போடல."

மறுபடி தொடங்கியது ஒரு பாரதத் திருவிழாவில். அந்தப் பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம். மண்ணால் பிரம்மாண்டமான துரியோதனனைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். வண்ணம் அடிக்க ஆள் வரவில்லை என்று இவரைக் கூப்பிட்டார்கள். விடிகாலையில் போனார். மண் பிசைகிறவர்கள், கூத்தாடி முடித்து அரிதாரம் கலைக்காமல் நிற்கிறவர்கள், எல்லோரும் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "மீசையை இன்னும் முறுக்குப்பா", "கண்ணுல திமிரு பத்தல". மதியத்துக்கு மேல் பீமன் வேஷக்காரர் கதையால் தொடையில் அடித்தார். அவ்வளவுதான். காலையில் வரைந்தது சாயந்திரம் இல்லை.

"வருத்தமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சார். அன்னிக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்கினேன். என் படத்தைப் பார்த்து நாலு பேரு குறை சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு!"

இப்போது அவர் வரைந்து வைத்திருக்கும் புதுப் படங்களைப் பார்க்கத்தான் போயிருந்தேன். தருமபுரி நடுகற்களின் பூமி. மாடு பிடித்துப் போக வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு, வில்லும் வாளுமாக உருவம் செதுக்கி, வட்டெழுத்தில் பெயர் வெட்டி நட்ட கற்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு கல்லில், வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரைக்கூட வெட்டி வைத்திருக்கிறார்கள். கள்வரைக் கடித்துக் காத்து நின்ற நாய்.

இவருடைய படங்களும் நடுகற்கள்தான். அதே நிற்கும் தோரணை, அதே மடங்கிய முழங்கால். ஆனால், கையில் வாள் இல்லை, கரணை. இன்னொரு கையில் வில் இல்லை, தூக்குக்குண்டு. தலையில் கொண்டைக்குப் பதில் சும்மாடு. ஒரு படத்தில் வீரன் நிற்கவில்லை. சாரத்தில் இருந்து விழுந்துகொண்டிருக்கிறான்.

எனக்குப் புரிந்துவிட்டது. மழை பொய்த்தால் தருமபுரியின் கிராமங்கள் பெங்களூருக்கு பஸ் ஏறும். கட்டட வேலை. அங்கே மாடி மாடியாக எழும்பி நிற்பதில் இந்த ஊர் வியர்வையும் இருக்கிறது. போனவர்களில் சிலர் திரும்பி வருவது ஆம்புலன்ஸில்.

"எங்க தெருப் பையன் ஒருத்தன் சார். இருபத்திரண்டு வயசு. ஒரு ஃப்ளெக்ஸ் வெச்சாங்க, கண்ணீர் அஞ்சலின்னு. ஒரே மழையில கிழிஞ்சு தொங்குச்சு. நாய்க்கே கல்லு வெச்ச பூமி இது. அவனுக்கு ஒரு கல்லு வேணும்ல?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் பேசவில்லை. கோடுகளைப் பார்த்தேன். ஆதிமூலத்தின் கோடு தெரிந்தது. சில்பியின் பொறுமை தெரிந்தது. போர்டு ஆர்ட்டிஸ்டின் அழுத்தமான ஓரமும் தெரிந்தது. எல்லாம் சேர்ந்து வேறு யாருடையதும் இல்லாத ஒன்றாக இருந்தது. பிறரிடம் வாங்காமல் எவரும் வரைவதில்லை. வாங்கியதை எதற்குச் செலவு செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தது அவருடைய மகள். பிளஸ் டூ. எழும்பூர் ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். 1850-ல் தொடங்கிய கல்லூரி. பணிக்கரும் தனபாலும் சில்பியும் ஆதிமூலமும் படித்த இடம். அம்மா வேண்டாம் என்கிறார். பெயின்ட் டின் தூக்கிய பத்து வருடத்தை அவர் கூடவே இருந்து பார்த்தவர். அவர் பயத்தில் தப்பே இல்லை. "இதுல சோறு கிடைக்கும்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா சார்?" என்று என்னிடமே கேட்டார். எழுதிக் கொடுக்க என்னால் முடியாது.

படங்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் சின்னதாகச் சில பெயர்கள். சில்பி. ஆதிமூலம். அதற்குக் கீழே, 'அதியமான்கோட்டை - பேர் தெரியாது'. இன்னொன்றில், 'துரியோதனனுக்கு மீசை சொன்ன பெரியவர்'.

"இவங்கள்லாம் யாருப்பா?" என்றாள் மகள்.

"கூட வரைஞ்சவங்க."

அவள் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "விழற ஆளோட இடது கை குட்டையா இருக்குப்பா" என்றாள்.

அவர் படத்தை வாங்கித் தள்ளி வைத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "ஆமா" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம்.

ஒரு மாதம் கழித்து போன் செய்தார். விண்ணப்பம் போட்டாயிற்றாம்.

"வீட்டுல சரின்னுட்டாங்களா?"

"சரின்னு சொல்லல. ஃபீஸுக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா. கேட்டாலே பாதி சரிதானே சார்."

"என்ன பண்ணுவீங்க?"

"பள்ளிக்கூடச் சுவர் ரெண்டு வந்திருக்கு. அ, அம்மா. ஆ, ஆடு. ஆட்டைக் கொஞ்சம் ஆதிமூலம் மாதிரி போட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன்."